யோபு தேய்த்த சுவர்

சிவகாசி,
11-5-1957, சனிக்கிழமை

மல்லாங்கிணறு பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியாரும் என் மனைவியின் உடன்பிறந்த அண்ணனுமாகிய கனம் பொருந்திய மச்சான் ராஜசிங் அவர்கள் சமூகத்துக்கு, தங்கை புருஷன் யோபு மிகுந்த தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இவ்விடம் நானும் சுவரும் சௌக்கியம். அவ்விடம் தாங்களும், பத்து நாளாய்த் தங்கள் வீட்டில் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தங்கள் தங்கை ஞானபூரணியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

நிற்க. சுவரை வழவழப்பாக்கிவிட்டேன். இனி அவள் வீட்டுக்குத் திரும்பத் தடையொன்றும் இல்லை.

நடந்ததை அவள் வாயால் மட்டுமே கேட்டிருப்பீர்கள், என் பக்கமும் கேளுங்கள். புது வீட்டு உள்ரூம் பூசத் தாங்கள் அனுப்பி வைத்த கொத்தனார் ஒச்சப்பன் மணலைச் சலிக்காமல் கலந்து பூசிவிட்டுப் போனார், சுவரா அது, பலாப்பழத் தோல்! உங்க தங்கச்சிக்கு முழங்கை உரிஞ்சு போச்சு. அதைக்கூடப் பொறுத்துக்கிட்டா. பக்கத்து வீட்டுச் செல்லக்கனி அக்கா கையில ஒரு துண்டு சுக்கோட வந்து, "உங்க சுவத்துல கொஞ்சம் உரசிக்கிடட்டுமா, எங்க கல்லு தேஞ்சு போச்சு"ன்னு கேட்டாக பாருங்க, அதைத்தான் பொறுக்க முடியல. "இதைச் சரிபண்ணுங்க, அதுவரைக்கும் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்"னு பையைத் தூக்கிட்டா.

ஒச்சப்பன் வந்து, "அண்ணாச்சி, மேல ஒரு பூச்சுப் பூசிருவோம்"னாரு. நான் விடுவேனா? எங்க பிரஸ்ல தீப்பெட்டி லேபிளெல்லாம் கல்லச்சுலதான் ஓடுது. ஒரு ஆர்டர் முடிஞ்சா கல்லுல இருக்கிற பழைய படத்தை அழிச்சுக் கண்ணாடியாட்டம் தேய்க்கிறவன் யாரு? இருபத்திரண்டு வருசமா இந்த யோபுதான். கல்லையே தேய்க்கிறவனுக்குச் சுவரு எம்புட்டு? மொத நாளு காய்ஞ்ச சுவத்தை அப்படியே தேய்ச்சு, மூஞ்சி பூரா வெள்ளையா வேலைக்குப் போனேன், மேனேஜர் அடையாளம் தெரியாம "யாரைப் பார்க்கணும்?"னு கேட்டாரு. மறுநாளு தண்ணி தெளிச்சுத் தேய்ச்சேன், தண்ணி கூடிப்போயி, பூச்சு மொறம் அகலத்துக்குப் பேந்து என் கால் பெருவெரல்லயே விழுந்துச்சு. அசரல மச்சான். சுண்ணாம்பைத் துணியில வடிகட்டி, இருபது முட்டை வெள்ளைக்கருவை ஊத்திக் குழைச்சு, மெல்லிசா இழுத்து, உடைஞ்ச அச்சுக்கல்லு ஒண்ணை வச்சு வட்டம் வட்டமா தேய்ச்சேன். மஞ்சக்கருவை வீணாக்கலாமா? இருபதையும் நான் ஒருத்தனே தின்னு தீர்த்தேன், வயிறு படுற பாட்டை எழுத முடியாது. ஆனா நேத்து ஒரு பல்லி அந்தச் சுவத்துல ஏறப் பார்த்துச் சறுக்கித் தொப்புன்னு விழுந்துச்சு, என் ரெண்டு கண்ணால பார்த்தேன்! எனக்குக் கண்ணே கலங்கிருச்சு.

இந்த வெயிலுக்கு வெடிப்பு விடாம இருக்க, ஈரச்சாக்குத் தொங்கவிடுங்கன்னு ஒச்சப்பன் சொன்னாரு. சாக்குப் பின்னலு சுவத்துல பதிஞ்சிராதா? அந்தாளுக்குப் புத்தி அம்புட்டுத்தான். நான் பிரஸ்ல நேத்து ஓட்டுன குடைக்குரங்கு மார்க் லேபிள்ல கழிச்சுப் போட்ட தாளு ஒரு கட்டு தூக்கியாந்தேன். படம் இருக்கிற பக்கந்தான் வழவழப்பு. அதைச் சுவத்தோட சேர்த்து, தண்ணி தெளிச்சு ஒட்டி வச்சிருக்கேன். காலையில உரிக்கணும். ஆகையால் இக்கடிதம் கண்டவுடன் தங்கையைப் பஸ் ஏற்றிவிடவும்.

தங்கள் துணைவியார் பாக்கியவதி அக்காளுக்கும் குழந்தைகளுக்கும் என் தோத்திரம். தங்கள் வீட்டு நாலு சுவருக்குள்ளும் சமாதானம் குறைவில்லாமல் தங்கியிருப்பதாக.

தங்கள் அன்புள்ள,
யோபு

பின்குறிப்பு (ஞாயிறு மத்தியானம்): இதைப் பெட்டியில போடுறதுக்கு முன்னாடி அவளே மொதப் பஸ்ல வந்துட்டா. நீங்கதான் சமாதானம் சொல்லி அனுப்புனீகளாமே, நல்லாருப்பீக. அப்பத்தான் தாளை உரிச்சு முடிச்சிருந்தேன். சுவரு பூரா குடை பிடிச்ச குரங்கு, மச்சான்! எழுத்தெல்லாம் திரும்பிக்கிட்டு நிக்குது. அவ ரெண்டு குரங்குக்கு நடுவுல வெரலை வச்சுத் தடவிப் பார்த்தா. "ஏங்க, வெண்ணெயாட்டம் இருக்கே! குரங்கு கிடக்கட்டும், வெள்ளையடிச்சா மறைஞ்சிரும்"னு சொல்லிச் சிரிச்சா. அவ சிரிச்சுப் பார்த்து எம்புட்டு நாளாச்சு! ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போக வெள்ளைச்சேலை கட்டிக்கிட்டு, நான் செருப்பைத் தேடுறவரைக்கும் அந்தச் சுவத்துலதான் ஆசையா சாஞ்சு நின்னா. ஈரச் சுவத்துல மை காயாதுன்னு எனக்குத் தெரியாதா? அந்நேரம் தோணல.

கோயில்ல அவளுக்கு எடம் கிடைச்சது முன்வரிசையில. பாட்டுக்கு எல்லாரும் எந்திரிச்சதும் பின்னாடி இருந்த பொம்பளைக பாட்டை விட்டுட்டுச் சிரிக்காக. வெளிய வந்து நானும் அவ முதுகைப் பார்த்தேன். பார்த்தவன் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். "அடடா! நாலு கலரும் பிசகாம விழுந்திருக்கே, எழுத்துகூட நேராயிருச்சே!"ன்னு பாதிரி ஐயர் முன்னாடியே கத்திட்டேன். அவ சேலை மாத்தக்கூட வீட்டுக்கு வரல, நேரா பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டா.

இந்தக் கடுதாசிக்கு முந்தியே அங்கன வந்து சேர்ந்திருப்பா. பஸ் ஏத்திவிடச் சொன்னா ஏறமாட்டா, அவ குணம் உங்களுக்குத் தெரியும். அதனால ஒரே ஒரு உதவி, மச்சான். அவ காதுல விழுற மாதிரி நீங்களும் அக்காளும் அந்தச் சேலையைப் பார்த்து நல்லாச் சிரிச்சிருங்க. அங்கனயும் கோவிச்சுக்கிட்டா, அவளுக்கு இந்த வீட்டை விட்டா வேற வீடு கிடையாது.