ஸ்ட்ராபெர்ரி மேல் சிமெண்ட் தூசி

நாள் முழுக்க ஒரே வேலையைப் பார்க்கிறவர்களுக்கு வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தாலே அலுப்பு வந்துவிடும். என் வேலை அழுகலைப் பார்ப்பது. செடியைப் போனில் படமெடுத்தால் என்ன நோய் என்று சொல்லும் ஒரு செயலி. அது சரியாகச் சொல்கிறதா என்று சோதிக்கத்தான் எனக்குச் சம்பளம். (காலையில் தக்காளி அழுகல், மத்தியானம் வாழை அழுகல், நடுவில் சாப்பாடு.)

அந்தக் குளிர்காலத்தில் லிங்கராஜபுரம் வீட்டு மாடியில் என் மாமனார் தொட்டி தொட்டியாக ஸ்ட்ராபெர்ரி வளர்த்தார். ரிட்டயரான பிறகு அவர் உருப்படியாகச் செய்த முதல் காரியம் அது என்று மாமியாரே ஒத்துக்கொண்டார். சர்ச்சில் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு முதல் பெட்டி தன்னுடையது என்று பாஸ்டரிடம் சொல்லியும் வைத்திருந்தார்.

ஒரு சாயங்காலம் டிராஃபிக்கில் நசுங்கி வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து மாமா கூப்பிட்டார்.

"ஏம்மா ஸ்டெல்லா, பழத்து மேல சாம்பலாட்டம் என்னமோ பூத்திருக்கு. உன் ஆபீஸ் போன்ல பாத்துச் சொல்றியா?"

இன்னொரு அழுகலைப் பார்க்க உடம்பில் தெம்பில்லை. பாதிப் படியில் நின்று எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு மஞ்சுநாத் மூன்றாவது மாடி எழுப்பிக்கொண்டிருந்தார்.

"சிமெண்ட் தூசி மாமா. பைப்பைப் பிடிச்சு நல்லாக் கழுவிடுங்க."

கழுவினார். தினமும் கழுவினார். பிறகு மஞ்சுநாத்திடம் நியாயம் கேட்கப் போனார். அந்த மனுஷன் சண்டைக்கே வரவில்லை. "தப்பாய்த்து அங்கிள்" என்று கன்னடத்தில் மன்னிப்புக் கேட்டு, ஆள் விட்டு எங்கள் தொட்டிகளைக் காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடிக் கொடுத்தார்.

பூஞ்சைக்கு இதைவிட வசதியான வீடு யாரும் கட்டித் தர முடியாது.

வெள்ளிக்கிழமை, இருந்ததில் நல்ல பழமாகப் பறித்து, மறுபடி கழுவி, மாமா பெட்டியில் அடைத்தார். ஞாயிறு ஏலத்தில் பாஸ்டர் மூடியைத் திறந்தார். உள்ளே ஒவ்வொரு பழமும் பூனைக்குட்டி மாதிரி சாம்பல் ரோமத்தோடு படுத்திருந்தது.

"இது என்ன வகைப் பழம், பிரதர்?"

மாமா என்னைப் பார்த்தார். சபையே என்னைப் பார்த்தது. என் கணவர் பிரபு, உதவி செய்வதாக நினைத்து, என் போனை வாங்கிப் படமெடுத்து உரக்கப் படித்தார்: "சாம்பல் பூஞ்சை அழுகல். பழத்தில் தண்ணீர் படக்கூடாது. காற்றோட்டம் அவசியம்."

செயலி பிரமாதமாக வேலை செய்தது. (சோதித்தது நான்தான்.)

மாமா திட்டவில்லை. வீட்டுக்கு வந்து இருவருமாக அழுகிய பழத்தையும் இலையையும் பறித்துக் குப்பைப் பையில் போட்டோம். ஒரு செடியும் தேறவில்லை. கடைசியில், "மஞ்சுநாத்துகிட்ட அது தூசி இல்லேன்னு நீயே போய்ச் சொல்லிடும்மா" என்றார். போனேன். அந்த மனுஷன் எனக்குக் காபி வேறு கொடுத்தார்.

போன மாதம் காதோரம் முதல் நரை தெரிந்தது. வீட்டில் சொன்னேன். பேப்பரிலிருந்து தலை நிமிராமல் மாமா சொன்னார்:

"தண்ணி படாமப் பாத்துக்கம்மா. பரவிடும்."