ஒரு ஆளுக்கு விதைத்த கீரை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருவரும், இந்த வரியை எழுதும் நேரம் வரைக்கும், சுகம். வருகிற இருபத்தாறாம் தேதிக்குப் பிறகும் இதே சுகம்தானா என்பதை நீங்கள் வாங்கி அனுப்பிய அந்தக் கீரை வளர்க்கிற பீரோவிடம்தான் கேட்க வேண்டும். போனில் சொல்வதை விட்டுவிட்டு ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். அந்தப் பீரோவின் பாதி உயிர் என் போனுக்குள்தான் இருக்கிறது, மாப்பிள்ளை. அதையே காதில் வைத்துக்கொண்டு அதைப் பற்றிப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், நன்றி கெட்டவன் என்று பெயர் வாங்க எனக்கு இஷ்டமில்லை. மண் கிடையாது, மருந்தடிக்கிற வேலை கிடையாது, இரண்டு வாளித் தண்ணீரையே குழாய்க்குள் சுற்றிச் சுற்றி விட்டு வாரம் முழுக்க ஓட்டிவிடுகிறது. விதைக் குப்பிகளை மேலே கொட்டிவிட்டால் அதுவே எடுத்து ஓட்டைகளில் நட்டுக்கொள்கிறது, உரத்தை அதுவே கலந்துகொள்கிறது, விடிந்ததும் ஊதா விளக்கை அதுவே போட்டுக்கொள்கிறது. மூட்டு வலியோடு பை தூக்கிக்கொண்டு நான் சந்தைக்கு அலைவது நின்றுபோனது. கெட்டது என்று பார்த்தால், கீரை பார்க்க அழகாக இருக்கிற அளவுக்கு வாயில் ஒன்றும் தெரிவதில்லை. கரண்ட் அரை மணி நேரம் போனால் வேர் காய்கிறது என்று அது போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர் தீயணைப்பு வண்டிக்குப் போன் பண்ணிவிட்டார். வீட்டுக்குள் தேனீ வராது என்பதால் ஒரு சின்னத் தூரிகையைக் கொடுத்து, தக்காளிப் பூவை ஒவ்வொன்றாகத் தடவும்படி எனக்கே உத்தரவு போடுகிறது. முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் ஆய்வாளராக இருந்து, எத்தனை மாடிக்கு எத்தனை ஆள் என்று கையெழுத்துப் போட்டவன், இப்போது தேனீ உத்தியோகம் பார்க்கிறேன். போகட்டும், அதுகூடப் பழகிவிட்டது.

பழகாத விஷயம் வேறு. அது நிற்கிற பின் அறைக்குள் ஒரு எறும்பு வருவதில்லை. வேண்டுமென்றே சர்க்கரையைச் சிந்திப் பார்த்தேன், நாலு நாள் சிந்தியது சிந்தியபடியே கிடந்தது, கடைசியில் உங்கள் அத்தை என்னைத் திட்டிக்கொண்டே துடைத்தாள். கீழ்க் கதவைத் திறந்தால் வேரெல்லாம் வெள்ளை வெளேரென்று தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டு, தலைமுடியை அவிழ்த்துவிட்ட மாதிரி அலைகிறது. கால் மணிக்கு ஒரு தரம் பம்பு ஓடும்போது, அடுத்த அறையில் யாரோ மடக் மடக் என்று தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்கிறது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது கேட்கிறது என்பதுதான் கஷ்டம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆரம்பத்தில் வீட்டில் எத்தனை பேர் என்று அது கேட்டது, நான் போனில் இரண்டு என்று போட்டேன், கதவின் மேல் 'நபர்கள்: 2' என்று எழுத்து வந்தது. விதை போட்டு இலை தட்டுக்கு வர இருபத்தெட்டு நாள். ஆக, இன்றைக்கு அது போடுகிற விதை, நாலு வாரம் கழித்துச் சாப்பிடப்போகிற வாய்க்கு. ஒரு நாள் பார்த்தால் 'நபர்கள்: 3' என்று இருந்தது. கோளாறு என்று விட்டுவிட்டேன். சரியாக நாலு வாரத்தில் உங்கள் சின்ன அத்தை, புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு, பெட்டியும் கையுமாக வாசலில் வந்து நின்றாள். அடுத்து ஒரு தடவை 5 என்று காட்டியது. நாலு வாரத்தில் நீங்கள் மூன்று பேரும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினீர்கள். "நேத்துதான் மாமா திடீர்னு முடிவு பண்ணோம்" என்று நீங்களே உங்கள் வாயால் சொன்னீர்கள். எனக்குக் குளிர் எடுத்தது உங்களுக்குத் தெரியாது, மழையில் நனைந்துவிட்டேன் என்று சமாளித்தேன். லிஃப்டும் ஆளை எண்ணும், ஆனால் ஆள் ஏறிய பிறகுதான் எண்ணும்.

போன செவ்வாய்க்கிழமை காலை அந்த அறைக்குப் போனேன். 'நபர்கள்: 1'. அறுவடைத் தேதி இருபத்தாறு. அன்று நட்டிருந்த விதை முழுக்க, கடுகு வாசம் அடிக்குமே, எனக்குப் பிடித்த அந்த இலை. உங்கள் அத்தைக்கு அதன் வாசமே ஆகாது. அவளுக்காக எப்போதும் போடுகிற புதினா வரிசை வெறும் ஓட்டையாக இருந்தது. அவள் அப்போது கத்தரிக்கோலோடு பழைய புதினாவை நறுக்கிக்கொண்டிருந்தாள். "ஏம்மா, இங்க பாரேன், ஒண்ணுன்னு காட்டுது" என்றேன். "காட்டிட்டுப் போகட்டும், அதுக்கென்ன இப்போ?" "ஒரு ஆள்னா யாரு?" "உங்களுக்குப் பிடிச்ச எலதானே போட்டிருக்கு, அப்ப நீங்கதான்" என்று சொல்லித் திரும்பினாள். அந்த ஊதா வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்து, உதடெல்லாம் நீலம் பாரித்துத் தெரிந்தது. விளக்குதான் காரணம் என்று எனக்கும் தெரியும், நான் என்ன சின்னக் குழந்தையா? இருந்தாலும் அவளைக் கையைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்து வந்துவிட்டேன்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள், தேன் குரல். "சார், அது எண்ணிக்கையைத் தப்பா எடுக்காது சார்" என்றாள். "அம்மா, நாங்க ரெண்டு பேரும் உசிரோட இருக்கோம்மா" என்றேன். "இன்னைக்கு இருக்கீங்க சார். அது அறுவடைத் தேதிக்குத்தான் கணக்கு எடுக்கும்" என்றாள். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றும் கேட்டாள்! மறுநாள் மெக்கானிக் வந்து தன் கருவியைச் செருகி இரண்டாக்கிவிட்டுப் போனான். போகும்போது உங்கள் அத்தையைப் பார்த்து, "உடம்பப் பாத்துக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான், கேட்டுக்கொள்ளுங்கள், இவளிடம் மட்டும்! அடுத்த நாள் பல் துலக்கும் முன்னே ஓடிப்போய்ப் பார்த்தேன். மறுபடி ஒன்று. பிளக்கைப் பிடுங்கிவிடலாமே என்பீர்கள். கையை வைத்தேன், மாப்பிள்ளை. பிடுங்கி, அந்த ஒன்றும் பூஜ்யம் ஆகிவிட்டால் என்ன செய்வது என்று கையை எடுத்துவிட்டேன்.

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "இவங்க உங்களவிட நல்லா இருக்காங்க சார், நீங்கதான் கொஞ்சம் நிதானமா மூச்சு விடணும்" என்றார். நான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து வீட்டுப் பொருள்களைச் சோதித்து ஆய்வுச் சீட்டு ஒட்டி வருவது உங்களுக்குத் தெரியும். இந்த ஒரு வாரத்தில் அடுப்பு, குளியலறைத் தரை, மாடிப்படி, அவளுடைய செருப்பின் அடிப்பாகம் எல்லாவற்றுக்கும் ஒட்டியாகிவிட்டது. ஸ்டூலில் ஏறக் கூடாது, கத்தி எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். குளிக்கப் போனால் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இருக்கியா?" என்று கேட்கிறேன். "இருக்கேன்! இருக்கேன்! தலைக்குச் சோப்பு போட விடுங்க!" என்று கத்துகிறாள். அந்தக் கத்தல் கேட்டால் இரண்டு நிமிஷம் நிம்மதி, அப்புறம் மறுபடி கேட்க வேண்டியிருக்கிறது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்குச் சமைக்கத் தெரியும், துணி துவைக்கத் தெரியும், ஊசியில் நூல்கூடக் கோப்பேன். அவள் இல்லாத வீட்டில் உட்காரத் தெரியாது. ஆகவே தயவுசெய்து இருபத்தாறாம் தேதிக்கு முன்னால் வந்து இந்தப் பீரோவைக் கழற்றி எடுத்துக்கொண்டு போங்கள், இல்லையென்றால் உங்கள் அத்தையையாவது கொஞ்ச நாள் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். காரணம் அவளுக்குத் தெரிய வேண்டாம், பேத்தி கேட்கிறாள் என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்.

உங்கள் மூவருக்கும் எங்கள் இருவரின் ஆசியும் என்றென்றும் உண்டு. 'இருவரின்' என்பதை அடிக்கோடிட்டிருக்கிறேன், கவனிக்கவும்.

பாசத்தோடும் பதற்றத்தோடும்,
மாமா

பி.கு. மாப்பிள்ளை, இது அத்தை எழுதுவது. தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தார், ஒட்டும் முன் படித்துவிட்டேன். நீங்கள் ஒன்றுக்கும் பயப்படாதீர்கள். அந்தப் பீரோவுக்கு ஒரு மண்ணும் தெரியாது. என் தங்கை வரப்போவது எனக்கு ஒரு மாதம் முன்பே தெரியும், மூன்று என்று மாற்றியது நான். ஐந்து என்று மாற்றியதும் நான்தான். நீங்கள் முந்தின நாள் எடுத்ததாக நினைக்கும் முடிவை உங்கள் மனைவி ஒரு மாதம் முன்பே எடுத்து என்னிடம் சொல்லியிருந்தாள். கதவு ஓரத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது, அமுக்கினால் எண் மாறும். கையேட்டை முழுக்கப் படித்தவர் உங்கள் மாமா, பொத்தானைப் பார்த்தவள் நான்.

இந்த ஒன்றையும் நான்தான் போட்டிருப்பேன் என்று நினைப்பீர்கள். போடத்தான் போனேன். உங்களிடம் மறைப்பானேன், இருபத்தாறாம் தேதி என் தங்கை வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன், திரும்பி வருகிற எண்ணமே இல்லாமல். செருப்புக்குச் சீட்டு ஒட்டுவது இந்த வாரத்துக் கூத்து. அதற்கு முன்பே, தண்ணீர் குடித்த டம்ளரை எங்கே வைத்தேன் என்பது வரைக்கும் ஆய்வு நடந்து எனக்கு மூச்சு முட்டிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை, தங்கையிடம்கூட. மனசுக்குள் தேதி குறித்த செவ்வாய்க்கிழமை காலை, இவர் ஒருவருக்கு மட்டும் விளையட்டும் என்று எண்ணை மாற்றப் போனேன். நான் கை வைக்கும் முன்பே அது ஒன்றாக இருந்தது. தேதியும் அதே இருபத்தாறு. பொத்தானைத் தொடவே இல்லை, புதினா நறுக்குகிற மாதிரி நின்றுகொண்டேன். மெக்கானிக் வந்து போன பிறகும் நான் தொடவில்லை.

இப்போது இந்தக் கடிதத்தைப் படித்தேன். நான் இல்லாத வீட்டில் உட்காரத் தெரியாதாம். நாற்பது வருஷத்தில் இதை என்னிடம் ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் இந்த மனிதருக்கு? நன்றாக அழுதுவிட்டு, கட்டி வைத்திருந்த பையைப் பிரித்துத் துணியெல்லாம் அலமாரியில் அடுக்கிவிட்டேன். நான் போகவில்லை, அதனால் மேலே எழுதியிருப்பது எதையும் பொருட்படுத்த வேண்டாம், நீங்கள் அலைய வேண்டாம் என்று சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். எழுதுவதற்கு முன் போய்ப் பொத்தானை அமுக்கி இரண்டாக்கினேன். இரண்டு என்றுதான் காட்டியது. இவ்வளவும் எழுதி, உறையை ஒட்டப் போகும்போது இன்னொரு தரம் எட்டிப் பார்த்தேன்.

ஒன்று.

நான் எங்கேயும் போகவில்லை, மாப்பிள்ளை. உடனே கிளம்பி வாருங்கள்.