'தா' என்ற சொல்லும் என் துப்பாக்கியும்

பசுந்தாங், ரங்கூன்
அட்சய வருஷம், மாசி மாதம்

மகாகனம் பொருந்திய மச்சான் செல்லக்கண்ணு அவர்களுக்கு, தங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட நல்லையா அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் சுகம். இப்படி ஆரம்பித்துக் கை பழகிவிட்டது, அதனால் எழுதிவிட்டேன். தாங்கள் நம்ப வேண்டியதில்லை. அவ்விடம் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பதாகப் பதில் போடவும். நம் குடும்பத்தில் யாராவது சுகமாக இருக்கிறார்கள் என்று தெரிந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் தங்கை கமலாட்சி வீட்டை விட்டுப் போய்விட்டாள். பதற வேண்டாம், மாடிப்படி இறங்கிக் கீழ் வீட்டுக்குத்தான் போயிருக்கிறாள். பிள்ளைகளையும் பாயையும் ஆட்டுக்கல்லையும் கொண்டுபோய்விட்டாள். ஆட்டுக்கல்லைத் தூக்கிக்கொண்டு போகிறவள் கோபித்துக்கொண்டு ஒரு நாள் இருந்துவிட்டு வருகிறவள் இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். போகும்போது படியில் நின்று, "அந்தத் துப்பாக்கி திரும்பி இந்த வீட்டுக்கு வந்துச்சுன்னா, நான் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுக் கப்பலேறிருவேன், எங்கண்ணன் வீட்டுல கஞ்சி கிடைக்காமயா போகும்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். துப்பாக்கி இப்போது போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது. அதைத் திருப்பித் தரச் சொல்லி நான் மனுப் போட்டிருக்கிறேன். ஆகையால் தாங்கள் உடனே அவளுக்கு, ஆபத்துக்குத் துப்பாக்கி அவசியம் என்று நாலு வார்த்தை காரசாரமாக எழுத வேண்டும். தங்களுக்கு அந்தக் கடமை உண்டு. "பத்திரிகையில் படித்தேன், மாப்பிள்ளை, பர்மாவில் கொள்ளை மிகுந்துவிட்டதாம், வீட்டில் ஒரு துப்பாக்கி வாங்கி வையும்" என்று எழுதியவர் தாங்கள்தானே.

நானும் வாங்கினேன். லைசென்ஸ் கேட்டுப் போனபோது அந்த வெள்ளைக்கார அதிகாரி, "சுட்டுப் பழக்கம் உண்டா?" என்றார். "லைசென்ஸ் கிடைத்ததும் பழகிக்கொள்கிறேன் துரை" என்றேன். கொடுத்துவிட்டார், கொடுத்திருக்கவே கூடாது. லைசென்சைக் கண்ணாடிச் சட்டம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். துப்பாக்கியை ஆணியில் மாட்டினேன். ஒரு மழைக்காலம் முழுக்கக் கமலாட்சி அதில் பிள்ளைத்துணி காயப்போட்டாள். அதுவரைக்கும் அதனால் ஒரு கெடுதலும் இல்லை, சொல்லப்போனால் துணி சீக்கிரம் காய்ந்தது.

கீழ் வீட்டு மீரா முகைதீன் மரைக்காயரைப் பற்றித் தங்களுக்கு எழுதியிருக்கிறேன். பூட்டும் தாழ்ப்பாளும் விற்கிற கடை. நான் அவரை பாய் என்பேன், அவர் என்னைக் கணக்கப்பிள்ளை என்பார், நான் அரிசி ஆலையில் மூட்டை நிறுத்து எழுதுகிறவன் என்பதால். அவருடைய தம்பி இப்ராஹிம் ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் மளிகைக் கடை வைத்திருந்தான். நல்ல பையன், சிரித்த முகம். என் வீட்டு ஆணியில் தொங்கியதைப் பார்த்துவிட்டு, "இது மாதிரி ஒண்ணு நானும் வாங்கணும்ண்ணே" என்றான். வாங்கினான். ஐப்பசியில் கொள்ளைக்காரர்கள் வந்தார்கள். அவர்களிடம் துப்பாக்கி கிடையாது, வெறும் தா. தா என்றால் பர்மியப் பேச்சில் வெட்டுக்கத்தி, நம் அரிவாள் மாதிரி நீளமாக இருக்கும். கடையில் சர்க்கரை மூட்டையைத் தொடவில்லை, கல்லாவைத் தொடவில்லை. துப்பாக்கியை எடுக்கத்தான் வந்தார்கள். இப்ராஹிம் அதை எடுக்க ஓடினான், அவர்கள் அவனை முந்திக்கொண்டார்கள், அவன் துப்பாக்கியாலேயே அவனைச் சுட்டுவிட்டுப் படகேறிப் போய்விட்டார்கள். அவனுக்குக் கல்யாணம் பேசியிருந்தது. அவன் மையித்தாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்குத்தான் நான் முதல்முறையாக என் துப்பாக்கியில் தோட்டா போட்டேன். போட்டவன் அப்படியே மறந்தும் போனேன். மச்சான், பயந்தவனுக்கு ஞாபகம் நிற்காது.

இது இப்படியிருக்க, சர்க்கார் லைசென்ஸ் கொடுப்பதை இன்னும் இறுக்கப்போகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. எங்கள் தமிழ்ச் சபைத் தலைவர் சுப்பிரமணியம் ரயில்வே ஆபீஸில் பெரிய கிளார்க்கு. ரயில் கவிழ்ந்தாலும் அது கவிழ்ந்தது சரியா தவறா என்று இரண்டு கட்சி பிரித்து விவாதம் நடத்துகிற மனுஷர். "துப்பாக்கிச் சட்டத்தை இறுக்கினால் குற்றம் குறையுமா, குறையாதா" என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார். குறையும் என்று பேச மீரா முகைதீன், குறையாது என்று பேச நான். முடிவில் சபையோர் கை தூக்கி ஓட்டுப் போட வேண்டும். எனக்கு மனசில்லை. தம்பியைப் பறிகொடுத்தவருக்கு எதிராக எப்படிப் பேசுவது என்று கேட்டேன். "விவாதம் வேற, துக்கம் வேறங்காணும்" என்று சுப்பிரமணியம் சொல்லிவிட்டார்.

கூட்டத்தன்று முதலில் மீரா முகைதீன் எழுந்தார். மனுஷர் மேடைக்குப் புதிது, ஜிப்பாப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார். "கொள்ளைக்காரன் எங்க போயி லைசென்சு கேக்கப்போறான்னு கணக்கப்பிள்ளை இப்ப பேசுவாரு. வாஸ்தவம், அவன் கேக்க மாட்டான். லைசென்சு வச்சிருக்கிறவன் வீடு எதுன்னுதான் கேப்பான். எந்தம்பி வீட்டை அப்படித்தான் கேட்டு வந்தான்" என்றார். அவ்வளவுதான் பேச்சு, உட்கார்ந்துவிட்டார். அப்போதே நானும், சரி பாய் சொல்வதுதான் சரி என்று உட்கார்ந்திருந்தால் இன்றைக்கு எனக்குச் சோறு போட ஆள் இருந்திருக்கும். ஆனால் நான் இரண்டு நாளாகக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகியிருந்தேன். அது வீணாகப் போகலாமா?

பேசினேன் மச்சான், என்னமாய்ப் பேசினேன் தெரியுமா! சட்டத்துக்கு அடங்கியவன் கையில் இருப்பதைத்தான் சட்டம் பிடுங்கும், அடங்காதவன் கையில் இருப்பதை அது என்ன செய்யும் என்றேன். துப்பாக்கியைப் பிடுங்கினால் கத்தி எடுப்பான், கத்தியைப் பிடுங்கினால் கல்லெடுப்பான், கல்லுக்கெல்லாம் லைசென்ஸ் போடுமா சர்க்கார் என்றேன். கை தட்டினார்கள். கை தட்டல் பொல்லாதது மச்சான், கள்ளை விடப் பொல்லாதது. கடைசியில் துப்பாக்கியைத் தூக்கிக் காட்டி, இதைப் பார்த்தால் திருடன் வருவானா என்று கேட்டு முடிக்கலாம் என்று அதை லுங்கியில் சுற்றிக் கொண்டுவந்து, வாசலில் காவல் இருக்கிற ஊ போ சேனிடம் கொடுத்து வைத்திருந்தேன். வயசான பர்மியர், நல்லவர், தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. கொடு என்பதற்குப் பர்மியத்தில் 'பே' என்பார்கள். அது எனக்குத் தெரியாததல்ல, தினம் ஆலையில் சொல்கிற சொல். ஆனால் அன்றைக்கு வாயெல்லாம் செந்தமிழாக வந்துகொண்டிருந்தது. வாசலைப் பார்த்துக் கையை நீட்டி, "தா! இங்கே தா! தா!" என்று சிங்கம் மாதிரி கத்தினேன்.

ஊ போ சேன் என்ன நினைப்பார்? மேடையில் ஒருவன் கண்ணை உருட்டிக்கொண்டு தன்னையே காட்டி வெட்டுக்கத்தி, வெட்டுக்கத்தி என்று அலறுகிறான். தன் முதுகுக்குப் பின்னால் எவனோ கத்தியோடு நிற்கிறான் போலிருக்கிறது என்று அந்த மனுஷரும், "தா! தா!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடி வந்தார். நம் ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் கிழவர் ஏதோ கேட்கிறார் என்று நினைத்து ஆளுக்கொன்றாக நீட்டினார்கள். ஒருவர் குடையைக் கொடுத்தார், ஒருவர் வெற்றிலைப் பெட்டியைக் கொடுத்தார், சுப்பிரமணியம் மேஜை மணியையே கொடுத்தார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது கத்தி என்றுதான் காதில் விழுந்தது, அவர்கள் பெஞ்சைத் தள்ளிவிட்டு ஜன்னலுக்கு ஓடினார்கள். ஒரு சபை, ஒரு சொல், பாதிப் பேர் கொடுக்கிறார்கள், பாதிப் பேர் ஓடுகிறார்கள். இந்தக் கூத்தில் ஊ போ சேன் தடுக்கி விழுந்து லுங்கி மூட்டையைக் கீழே போட்டார்.

அது வெடித்துவிட்டது.

மீரா முகைதீன் கீழே விழுந்த கிழவரைத் தூக்கக் கையை நீட்டியிருந்தார். இடது கை. இரண்டு விரல் போய்விட்டது, மச்சான். தாழ்ப்பாளைத் திருகிப் பார்த்து இது நிற்கும், இது நிற்காது என்று சொல்கிற கை. நான் மேடையிலேயே உட்கார்ந்து அழுதேன். போலீஸ் வந்து கேட்டபோது அவர் ரத்தம் சொட்டச் சொட்ட, "அது தானா விழுந்து வெடிச்சது, கணக்கப்பிள்ளை மேல ஒரு குத்தமும் இல்லை" என்றார். அவர் என்னை நாலு அறை அறைந்திருந்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன். துப்பாக்கியைப் போலீஸ் எடுத்துப்போனது. சுப்பிரமணியம் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, "ஓட்டெடுக்காமல் சபை கலைஞ்சு போச்சே, விவாதம் பாக்கி நிக்குதே" என்று வருத்தப்பட்டார். ஹாஜரா, பாயின் சம்சாரம், அவர் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வையில் பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு இறங்கிப் போனவள்தான் கமலாட்சி. கீழே ஹாஜராவுக்குக் கூடமாட ஒத்தாசை, பாய்க்குக் கஞ்சி, கட்டு மாற்றுவது எல்லாம் அவள்தான். எனக்கு ஒரு வேளைச் சோறு படியில் வைத்துவிட்டுப் போகிறாள், முகம் காட்டுவதில்லை. ஆனாலும் நான் சொல்வதைத் தாங்கள் நியாயமாக யோசிக்க வேண்டும். நடந்தது விபத்து. என் கட்சி தோற்கவில்லை, ஓட்டே எடுக்கவில்லை. என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று இப்போது ரங்கூன் முழுக்கத் தெரியும், அது இல்லாமல் நான் எப்படி இருப்பது? ஆகவே தங்கைக்குத் தயவுசெய்து கண்டித்து எழுதவும். அக்காவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு ஆசி, அவர்கள் எதையும் மேடையில் பேசாமல் நீண்ட ஆயுசோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
தாங்கள் சொன்னதைக் கேட்டுக் கெட்ட
நல்லையா

பின்குறிப்பு: மேலே எழுதியது காலையில். இப்போது மத்தியானம். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஆலை கிடையாது. பட்டப்பகலில் ஓடை வழியாகச் சம்பான் படகில் மூன்று பேர் வந்து, நேரே மாடியேறி வந்தார்கள். கையில் தா. "தெனட்" என்றான் ஒருவன். தெனட் என்றால் துப்பாக்கி. கூட்டத்தில் என் பேச்சைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தார்களாம். போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது என்றேன். நம்பவில்லை, அரிசிப் பானை வரைக்கும் கொட்டிப் பார்த்தார்கள். சுவரில் லைசென்சைப் பார்த்து, "இது இருக்கே, அது எங்கே" என்று கத்தியைக் கழுத்தில் வைத்தான். ஆணி வெறுமையாக இருந்தது. அதில் அது தொங்கியிருந்தால் நான் எட்டி எடுத்திருப்பேன், மச்சான், சத்தியமாக எடுத்திருப்பேன். எனக்குச் சுடத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். இல்லாததால் என்னைத் திட்டிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சத்தம் கேட்டு மீரா முகைதீன் கட்டுப் போட்ட கையோடு மேலே ஓடி வந்தார், பின்னாலேயே கமலாட்சி. அவள் என் சட்டையைப் பிடித்து உலுக்கி உலுக்கி அழுதாள், நானும் அழுதேன். ஆகையால் அவளுக்குக் கண்டித்து எழுத வேண்டாம், ஆட்டுக்கல் மேலே வந்துவிட்டது. காலையில் எழுதியதையெல்லாம் கிழித்துப் போடவும். துப்பாக்கி வேண்டாம் என்று ஸ்டேஷனுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பிறகு நான் பாயைப் பார்த்து, "சபையிலே ஓட்டு பாக்கி நிக்குது பாய், குறையும்ங்கிறவங்க கை தூக்கலாம்" என்று என் கையைத் தூக்கினேன். பெண்களுக்குச் சபையில் ஓட்டுக் கிடையாது, ஆனாலும் கமலாட்சி தூக்கினாள். மீரா முகைதீனும் அந்தக் கட்டுப் போட்ட கையைத் தூக்கினார். நான் அதைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

"விரலை எண்ணாதீங்க கணக்கப்பிள்ளை, கையை எண்ணுங்க" என்றார்.