வலது காலின் மகிமை

கணினிகள் வாய் திறந்துவிட்டன என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. மனிதர் வாய் திறந்தால் கேட்க ஆளில்லாத ஊர்தான்.

நாற்காலி அடுக்கி வைத்திருந்த கிடங்கு ஒன்றைக் காலி செய்துகொண்டு அதில் உட்கார்ந்திருந்தார் அம்பு மகான். காலையிலேயே வாசலில் கூட்டம். கணக்கெழுதுகிறவர், ஜெராக்ஸ் கடைக்காரர், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அம்மாள், பல் டாக்டர். எல்லோரும் அவரவர் கணினிப் பெட்டியைத் துண்டில் சுற்றி, காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் இடுப்பில் வைத்திருந்தார்கள். பெற்ற பிள்ளையை அத்தனை பக்குவமாகத் தூக்கியவர்கள் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது.

எல்லோருக்கும் ஒரே கேள்விதான். இருக்கிற சிஸ்டத்திலேயே காலத்தை ஓட்டுவதா, புதிதாக வந்திருக்கும் ‘மறுபிறவி’ சிஸ்டத்துக்கு மாறுவதா? யோசித்துப் பார்த்தால் பதில் கிடைக்கக்கூடிய கேள்விதான். ஆனால் யோசித்தால் தலை வலிக்கும். மகானிடம் கேட்டால் தலை வலிக்காது. வேறு இடத்தில் வலிக்கும். அது வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும்.

மகானின் முறை எளிமையானது. வந்த பெட்டியைத் தன் மேசைத் திரையோடு இணைப்பார். திரையில் இரண்டு கட்டம் தெரியும். ஒன்றில் ‘இருக்கிறேன்’ என்று எழுதியிருக்கும். மற்றதில் ‘என்னை விட்டுவிடு’. பிறகு மவுஸையும் கீபோர்டையும் பிடுங்கி, கொண்டுவந்தவர் கையிலேயே கொடுத்துவிடுவார். யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாது பாருங்கள். கடைசியாகப் பெட்டியின் முதுகில், சிவப்பு நூல் சுற்றிய நகமளவு தாயத்து ஒன்றைச் செருகுவார். பேய்க்குக் கழுத்தில் கட்டுகிறோம், கணினிக்குக் கழுத்து இல்லை, முதுகில் செருகுகிறார். இதில் என்ன தப்பு?

அப்புறம் நாற்காலியில் சாய்ந்து கண்ணைப் பாதி மூடுவார். தரையில் புரளும் வெள்ளை அங்கி. வெறுங்கால்.

“கரன்ட் எப்பவும் மண்ணைத்தான் தேடும். அதனாலதான் நான் செருப்பே போடறதில்லை” என்பார். பல் டாக்டர் பலமாகத் தலையாட்டுவார். படித்தவர்.

“சொல்லு, குழந்தை.”

யாரும் தொடாமலே திரையில் அம்புக்குறி நகரும். தயங்கும். பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றும். பிறகு ‘என்னை விட்டுவிடு’ மேல் போய் நின்றுவிடும். அதுவரை ஒரு கணினிகூட ‘இருக்கிறேன்’ என்று சொன்னதில்லை. மனிதர்களிடம் இப்படி ஓர் ஒற்றுமையைக் கண்டதுண்டா?

பக்கத்து அறையில் சீடர்கள் ‘மறுபிறவி’ போட்ட புதுப் பெட்டிகளோடு காத்திருப்பார்கள். பழைய பெட்டியை நல்லடக்கம் செய்வதாகச் சொல்லி வாங்கிக்கொள்வார்கள். அடக்கமான பெட்டிகள் அடுத்த தெருப் பழைய சாமான் கடையில் உயிர்த்தெழுந்து, விலைச்சீட்டோடு நின்றுகொண்டிருந்தன.

அன்று பட்டறைக்காரரின் முறை. இரும்புக் கதவும் ஜன்னல் கம்பியும் செய்கிறவர். கூட அவருடைய அண்ணி. அண்ணன் வெல்டிங் புகைக்கு நெஞ்சைக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்த பிறகு, பட்டறையில் படம் வரைவது அவள்தான். அவள் கணினியில் வரைந்தால்தான் தகடு வெட்டும் மெஷின் வெட்டும். அது வெட்டினால்தான் இரண்டு வீட்டில் அடுப்பு எரியும்.

வரிசையில் நிற்கும்போதும் அவள் விடவில்லை. “தம்பி, நான் வரைஞ்சது அத்தனையும் இந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு. இதைக் குடுத்துட்டு, புதுசுல மெஷின் ஓடலைன்னா? மெஷினும் சும்மா நிக்கும், நானும் சும்மா நிக்கணும்.”

“நீங்களும் வேணாம் நானும் வேணாம் அண்ணி, அதுவே சொல்லட்டும். தினம் நாலு தடவை நின்னு போகுது, தட்டித் தட்டி எழுப்பறோம். அதுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குமில்ல?”

“இரும்பை அடிச்சுத் திங்கறவன் பேசற பேச்சாப்பா இது?”

முறை வந்தது. தாயத்து ஏறியது. “சொல்லு, குழந்தை.” அம்பு தயங்கியது, சுற்றியது, ‘என்னை விட்டுவிடு’ மேல் போய் நின்றது.

“ஐயோ, இத்தனை நாளா அதைப் போட்டுக் கொன்னிருக்கேனே!” என்று கதறியபடி, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் பட்டறைக்காரர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து மகானின் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

திரையில் அம்பு மூலைக்கு மூலை பாய்ந்தது.

“ஆனந்தத்துல குதிக்குது பாருங்க!” என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர். கூட்டம் கைதட்டியது. மகான் மட்டும் கைதட்டவில்லை. “தொடாதே! ஷாக் அடிக்கும்! தள்ளிப் போ!”

பட்டறைக்காரர் தலையை நிமிர்த்தினார். “ஒண்ணும் அடிக்கலையே சாமி? நான் கரன்ட்லயே புழங்கறவன், அடிச்சா தெரியுமே.”

அண்ணி திரையைப் பார்த்தாள். கொழுந்தனைப் பார்த்தாள். “தம்பி, பக்தி பத்தலை. இன்னொரு தடவை விழுங்க.”

“அண்ணி?”

“விழுங்கப்பா. இந்தத் தடவை இடது காலை மட்டும் பிடிங்க.”

அவர் விழுந்தார். அம்பு அசையவில்லை.

“இப்ப வலது காலு.”

அம்பு துள்ளிக்கொண்டு ஓடியது.

தெய்வத்தன்மை வலது காலில் மட்டும் தங்கியிருப்பதற்கு என்ன காரணம் என்று பல் டாக்டர்கூட யோசிக்க ஆரம்பித்தார். அன்று அவர் செய்த முதல் யோசனை அதுதான்.

“இது தெய்வ சோதனை! நம்பாதவங்க இருந்தா கணினி பேசாது!” என்றார் மகான்.

“அது பேசிக்கிட்டுத்தானே இருக்கு சாமி. நீங்க ரெண்டு காலையும் தூக்கி இந்த ஸ்டூல் மேல வைங்க. மறுபடி கேளுங்க. அது போறேன்னு சொன்னா, பெட்டியை நானே தூக்கிக் குடுத்துட்டுப் போறேன். படமெல்லாம் போனா போகட்டும்.”

“காலைத் தூக்கினா மண் தொடர்பு அறுந்துடும்மா.”

“அறுந்தா அறுந்துட்டுப் போகுது. பேசப்போறது கம்ப்யூட்டர்தானே? உங்க காலா பேசுது?”

மகான் காலைத் தூக்கவில்லை. தூக்க முடியாத நிலைமை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அம்மாளுக்குப் பொறுமை கிடையாது. பிரேக்கில் கால் வைத்தபடியே பிழைக்கிறவர். குனிந்து அங்கியைச் சட்டென்று தூக்கினார். வலது பாதத்தின் அடியில், தட்டையாக, வெள்ளையாக, கம்பியில்லாத ஒரு மவுஸ். கட்டைவிரல் இன்னும் அதன் மேல்தான் இருந்தது. அண்ணி பெட்டியின் முதுகிலிருந்த தாயத்தைப் பிடுங்கினாள். அம்பு செத்துப்போனது. சிவப்பு நூலைப் பிரித்தால், மவுஸ் அனுப்பும் சிக்னலைப் பெட்டிக்குள் வாங்கும், மவுஸோடு இலவசமாக வரும் துண்டு.

“எங்க கடைக் கம்ப்யூட்டரு அழுதுச்சேய்யா! என் கண்ணால பாத்தேனே!” என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர்.

“அழுதது நீங்க” என்றார் அந்த அம்மாள்.

அடக்கம் செய்யக் கொடுத்தவர்கள் எல்லோரும் பழைய சாமான் கடைக்கு ஓடினார்கள். அங்கே விலை ஏறியிருந்தது. அதற்கு மகான் காரணமில்லை. ஓடி வந்த வேகம்தான் காரணம்.

பட்டறைக்காரர் பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு தலை குனிந்து நடந்தார். “அப்ப மாறவே வேணாமா அண்ணி?”

“வேணாம்னு நான் எப்பச் சொன்னேன்? இது அடிக்கடி நின்னு போறது நிஜம். ஒரு கதவுப் படத்தை எடுத்துட்டுப் போவோம். புது சிஸ்டம் எது நல்லாருக்கும்னு சொல்றாங்களோ, அதுல திறந்து பாப்போம். மெஷின் வெட்டுச்சுன்னா மாறுவோம். வெட்டலைன்னா இதையே ரிப்பேர் பாப்போம்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அவர் முகத்தில் ஏமாற்றம். இவ்வளவு சின்ன வேலைக்கு ஒரு மகான் தேவைப்படவில்லை என்பதில் வந்த ஏமாற்றம்.

காலில் விழும் பழக்கம் உள்ளவர்களை உடனே அதை விட்டுவிடச் சொல்ல நான் யார்? முதுகு வளைந்தே பழகிப்போயிற்று. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: தலையை வைப்பதற்கு முன்னால், அந்தக் கால் அப்போது என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.