எமிலியம்மாளுக்கு ஒரு புடவை

பெண்டாட்டியை இங்கிலாந்துக்குக் கூட்டிப்போவதில்லை என்று ராசாங்கம் முடிவு செய்துவிட்டான். தலையே போனாலும் முடிவு முடிவுதான். பம்பாயில் கப்பலை விட்டு இறங்கும்போது எடுத்த முடிவு அது. அரியலூரில் ரயிலை விட்டு இறங்கும்போது அதில் பாதிதான் மிச்சமிருந்தது. விக்கிரமங்கலத்து வீட்டு வாசலில் பூங்காவனம் வந்து நின்று, "வாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னபோதும் முடிவு என்னவோ இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லும் தைரியம்தான் இல்லை. பேருக்குத்தான் அவன் ராசாங்கம். ஆட்சியெல்லாம் அவளுடையது.

வெள்ளைக்காரன் இங்கிருந்து மூட்டை கட்டிக்கொண்டிருந்த வருஷம். ராசாங்கமோ அவன் ஊரில் போய்ப் படித்துக்கொண்டிருந்தான். கல்லைப் பற்றிய படிப்பு. வயலைக் கிளறினால் கல்லாகிப்போன சங்கும் நத்தையும் வருகிற ஊரில் பிறந்தவன், கல் என்றால் என்ன என்று கேட்டுக்கொள்ள லீட்ஸ் வரைக்கும் போனான். ஒரு வருஷம் முடிந்தது. அப்பாவின் தலைத் திவசத்துக்கு வந்திருந்தான். ஆவணியில் திரும்ப வேண்டும்.

"மொத வருசம் பாஸாடா?" என்று கேட்டாள் அவன் அம்மா ரெங்கம்மாள்.

"பாஸும்மா."

ரெங்கம்மாள் ரேஷன் சர்க்கரையை எடுத்துத் தெரு முழுக்கக் கொடுத்தாள். உண்மையில் அவன் பாஸாகவில்லை. போய் முதல் வருஷத்தையே மறுபடியும் படிக்க வேண்டும். இந்தியா தேசத்தில் அது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். பூங்காவனம் லீட்ஸுக்கு வந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். அவளுக்குத் தெரிந்தால் அம்மாவுக்கு, அம்மாவுக்குத் தெரிந்தால் சர்க்கரை தின்ற தெரு முழுவதுக்கும். இது போதாதென்று லீட்ஸில் சனிக்கிழமை சாயங்காலங்கள் என்று சில இருந்தன. அவற்றைப் பற்றி ராசாங்கம் தனக்குள்ளேகூட அதிகம் பேசிக்கொள்வதில்லை.

"ஏங்க, நானும் வரேன்."

"அங்க குளிரும்."

"போத்திக்கிறேன்."

"ரூமு ரொம்பச் சின்னது."

"நான் என்ன ஆனையா?"

"ஒனக்கு இங்கிலீஷ் தெரியாதே."

"ஒங்களுக்குத் தெரியுமுல்ல. ஒரு வூட்டுக்கு ஒருத்தருக்குத் தெரிஞ்சா போதும்."

"அம்மாவ யாரு பாத்துக்கிறது?"

"அத்தைதான் போயிட்டு வாம்மாங்குறாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "கல்யாணமாயி நாலு வருசம் ஆச்சு. நீங்க பாதி நாளு ஹாஸ்டல்ல, மீதி நாளு கப்பல்ல. இந்த வூட்டுத் தூணோட நான் பேசுனதுல கால்வாசிகூட ஒங்களோட பேசல" என்றாள். ராசாங்கத்துக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஆனாலும் பயம் பெரிதாக இருந்தது.

வாயால் முடியாததைப் பேயால் முடிப்பது என்று தீர்மானித்தான். நல்ல கதையாக ஒன்றைச் சில நாள் மனசுக்குள்ளேயே வளர்த்தான். அந்த நாட்களில் காலையில் எழுந்ததும் பூங்காவனம், "ராத்திரி நல்லாத் தூங்குனீங்களா?" என்று அக்கறையாக விசாரிப்பாள். "அடிச்சுப் போட்ட மாதிரி" என்பான் அவன்.

ஆடி மாசக் காற்று ஓட்டைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், விளக்கு வைத்ததும் கதையை எடுத்துவிட்டான். அம்மாவும் இருந்தாள்.

"நான் தங்கியிருக்கிற வூட்டுல முன்னாடி எமிலின்னு ஒரு பொண்ணு இருந்துச்சு. புருசன் கப்பல்ல போனான். போனவன் வரவே இல்ல. அது தெனம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாசப்படியில போயி நிக்கும். மழையோ பனியோ, நிக்கும். ஒருநா அப்படி நின்னபடியே செத்துப்போச்சு. இப்பவும் சாயங்காலமானா ஈரக்கால் தடம் ஒண்ணு மாடிப்படி ஏறி வரும். ஆளு இருக்காது. தடம் மட்டும் வரும். நேரா வந்து கட்டில்கிட்ட நின்னுக்கும். ஆம்பளைங்கள ஒண்ணும் செய்யாது. புருசனோட இருக்கிற பொம்பளையக் கண்டாத்தான் அதுக்கு ஆகாது. மதராஸ்காரர் ஒருத்தர் சம்சாரத்தக் கூட்டிட்டு வந்தாரு. அந்தம்மாவுக்கு இன்னைக்கு வரைக்கும் வாயில பேச்சு வரல."

காற்றில் விளக்கு சாய்ந்தது. சுவரில் மூன்று பேருடைய நிழலும் ஒன்றாகிப் பிரிந்தன. சொன்னவனுக்கே முதுகு சில்லென்றது.

"கொழந்த குட்டி?" என்று மெல்லக் கேட்டாள் பூங்காவனம்.

"இல்ல."

"புருசங்காரன் கடைசி வரைக்கும் வரலையா?"

"வரல."

அவள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாவம். அவளுக்கு யாராச்சும் ஒரு பொடவ வச்சாங்களா?"

ராசாங்கம் செய்த தப்பு அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அந்தப் பக்கத்துக் குடும்பங்களில், வாழாமல் போய்ச் சேர்ந்த பெண்ணை யாரும் விரட்டுவது கிடையாது. பூவாடைக்காரி என்று சொல்லி, தண்ணீர்க்கரையில் பம்பை அடித்துக் கூப்பிட்டு, புதுப்புடவை வைத்துப் படைத்து, வீட்டுக்கே அழைத்து வந்து வைத்துக்கொள்வார்கள். ஒரு வருஷம் ரொட்டி தின்றதில் அவன் இதைச் சுத்தமாக மறந்துவிட்டான்.

"எம்புள்ள தூங்குற எடத்துல ஒருத்தி பசியோட நிக்கிறாளா?" ரெங்கம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நாமதாண்டா அவளுக்குச் செய்யணும்."

"அம்மா, அது வெள்ளக்காரப் பேயி!"

"பொண்ணுதானேடா?"

மறுநாள் விடியற்காலை ராசாங்கம் கண் விழித்தான். கிணற்றடியிலிருந்து கூடத்துக்கு ஈரக்கால் தடம் வந்திருந்தது. கூடத்தைத் தாண்டி அறைக்குள் வந்து, கட்டிலருகே நின்றிருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை. பூங்காவனம் பக்கத்தில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ராசாங்கம் போர்வையைத் தலை வரை இழுத்துக்கொண்டான். எமிலி என்று ஒருத்தி கிடையாது. அது இந்த உலகத்தில் வேறு யாரையும்விட அவனுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அவனுக்கு அவ்வளவு பயம். இருந்து செத்தவள் வந்தால் ஒரு நியாயம் உண்டு. இல்லாதவள் எப்படி வருவாள்?

"ராத்திரி நல்லாத் தூங்குனீங்களா?" என்றாள் பூங்காவனம், கண்ணைத் திறந்து.

அதற்குப் பிறகு அவன் வீட்டில் தனியாக எந்த அறைக்குள்ளும் போகவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் பூங்காவனம் வாசற்படியில் ஒரு டம்ளர் பால் வைப்பாள். காலையில் டம்ளர் காலியாகக் கவிழ்ந்திருக்கும். பூனை குடித்திருக்கும் என்று அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான். குடித்த டம்ளரைக் கவிழ்த்து வைக்கிற பூனையை அவன் அதுவரை பார்த்ததில்லை.

அரும்பாவூரிலிருந்து பம்பைக்காரர் அய்யாக்கண்ணு வந்து சேர்ந்தார். எத்தனையோ வீட்டுப் பெண்களை அழைத்துக் கொடுத்தவர். அவருக்கே இது புதுசு.

"கொலம் என்னங்க?"

"தெரியல" என்றான் ராசாங்கம்.

"ஊரு?"

"லீட்ஸ்."

"அது எந்தப் பக்கம் பாத்து இருக்குதுங்க? அந்தப் பக்கம் திரும்பித்தானே கூப்பிடணும்?"

ராசாங்கம் குத்துமதிப்பாக வடமேற்கைக் காட்டினான். படையலுக்கு அரியலூரிலிருந்து பன் ரொட்டி வாங்கினார்கள். கவுன் தைப்பதா என்று ஒரு பேச்சு எழுந்தது. "நம்ம வூட்டுக்கு வர்றவ பொடவைதான் கட்டணும்" என்று ரெங்கம்மாள் ஒரே பேச்சாக முடித்துவிட்டாள். நாடே வெள்ளைக்காரர்களை வழியனுப்பிக்கொண்டிருந்தது. அவன் அம்மா மட்டும் ஒருத்தியை மஞ்சள் குங்குமத்தோடு உள்ளே அழைத்தாள்.

ஏரித் தண்ணீர் போதாது என்றாள் ரெங்கம்மாள். கடல் தாண்டி வரவேண்டியவள். கடலுக்குப் போகிற தண்ணீரில்தான் கூப்பிட வேண்டும். வண்டி கட்டித் திருமழபாடிக்குப் போனார்கள். கொள்ளிடத்தில் புதுத்தண்ணீர் கரை முட்டச் செங்கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. பொழுது சாய்ந்தது. கோயில் மணி அடித்து ஓய்ந்தது. மருமகள்தான் செம்பு ஏந்த வேண்டும் என்பதால், பூங்காவனம் பூச்சுற்றிய செம்போடு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள். அய்யாக்கண்ணு வடமேற்கே திரும்பிப் பம்பையை அடித்தார்.

"எமிலியம்மா, லீட்சு பட்டணத்து வாசப்படியில நிக்கிறவளே, நனஞ்சது போதும் வாம்மா, பசிச்சது போதும் வாம்மா..."

அக்கரை இருட்டிலிருந்து பம்பைச் சத்தம் திரும்பி வந்தது. வேறு யாரோ அங்கே நின்று பதிலுக்கு அடிப்பதுபோல் இருந்தது. ராசாங்கம் கரையில் இருந்த ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டான். செம்பு ஆடியது. பூங்காவனத்தின் தலை முன்னே சரிந்தது, கூந்தல் அவிழ்ந்து தண்ணீரில் விழுந்தது. நடுங்கிக்கொண்டே கரையேறினாள். அவள் நடந்த இடமெல்லாம் மணலில் ஈரக்கால் தடம்.

"வந்துட்டேன்." குரல் அவளுடையதாகவே இல்லை. "குளுருது. பச்சக் கதவு தொறந்தே கெடக்குது. சன்னல்ல சொருகியிருக்கிற செவப்புத் துண்ட எடுங்க, என் கண்ணக் குத்துது."

ராசாங்கம் பிடித்திருந்த மரத்தை விட்டுவிட்டான். லீட்ஸில் அவன் இருந்த வீட்டுக்குப் பச்சைக் கதவு. மூடாத சன்னலில் அவன் சிவப்புத் துண்டைத்தான் திணித்து வைத்திருந்தான். கதையில் இரண்டையும் அவன் சொல்லவே இல்லை.

"ஆத்தா, ஒனக்கு என்ன செய்யணும்?" என்று கும்பிட்டுக் கேட்டாள் ரெங்கம்மாள்.

"இந்தப் பொடவையக் கட்டிக்கிட்டு, என் வாசல்ல வந்து வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வெளக்கேத்தணும்."

"யாரு தாயி ஏத்தணும்?"

"செம்பு ஏந்துனவ."

ராசாங்கம் துணிந்துவிட்டான். மானம் போனாலும் பரவாயில்லை என்று முன்னே வந்தான். "அம்மா, எல்லாரும் கேளுங்க. இந்த எமிலிங்கிறதே நான் கட்டின..."

ஐஸ் மாதிரி ஒரு கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது. தலைமயிருக்குள்ளிருந்து ஒரு குரல் அவன் காதோடு சொன்னது: "மிஸ்டர் ராசாங்கம், மொத வருசத்தையே மறுபடியும் படிக்கப்போற சங்கதிய ஒங்கம்மாகிட்டச் சொல்லட்டுமா?"

லீட்ஸில் அவனுக்கு அறை வாடகைக்கு விட்ட வெள்ளைக்காரி அவனை 'மிஸ்டர் ராசாங்கம்' என்றுதான் கூப்பிடுவாள்.

"என்னடா சொல்லுச்சு?" என்று பதறினாள் ரெங்கம்மாள்.

"கூட்டிட்டுப் போகச் சொல்லுதும்மா" என்றான் ராசாங்கம். பன் ரொட்டிக்குப் பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

ஆவணியில் அரியலூர் ஸ்டேஷனில் ரயில் ஏறினார்கள். காமாட்சி விளக்கு, திரிநூல், நல்லெண்ணெய் எல்லாம் டிரங்குப் பெட்டியில் வந்தன. எமிலிக்குப் படைத்த அந்தப் புடவையைப் பூங்காவனம் கட்டியிருந்தாள். ராசாங்கம் அவளுக்கு எதிரே, புடவை மேலே படாமல் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டான். வண்டி வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டியதும்தான் கேட்டான்.

"பூங்காவனம், நெசத்தச் சொல்லு. அன்னைக்கு ஆத்தங்கரையில பேசுனது யாரு?"

"நான்தான்."

"கால் தடம்?"

"நான்தான். நடந்துட்டு வந்து அப்படியே காலத் தொடச்சுட்டுப் படுத்துக்கிட்டேன். பாலையும் நான்தான் குடிச்சேன்."

"எமிலின்னு ஒருத்தி இல்லவே இல்லைன்னு ஒனக்குத் தெரியுமா?"

பூங்காவனம் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். "ஏன் இல்ல? புருசன் கப்பலேறிப் போனான், அவ வாசல்ல நின்னுக்கிட்டே செத்தாள்னு சொன்னீங்களே. அது யாருன்னு நெனச்சீங்க? நான் பக்கத்துலதான ஒக்காந்திருந்தேன்."

ராசாங்கத்துக்குத் தலை குனிந்துபோயிற்று. மெள்ளக் கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். புடவை அவன் மேலே பட்டது. ஒன்றும் ஆகவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் பழைய நடுக்கம் மறுபடி வந்தது. "சரி. பச்சக் கதவு? செவப்புத் துண்டு? பாஸாகாத சமாச்சாரம்? நான் யாருகிட்டயுமே சொல்லலியே!"

"நீங்க தூக்கத்துல பேசுவீங்க" என்றாள் பூங்காவனம். "ஒங்களுக்குத் தெரியாதா? அந்தப் பேய்க்கதையக்கூட மூணு ராத்திரி ஒத்திக பாத்தீங்களே."

ராசாங்கம் விறைத்து நிமிர்ந்து உட்கார்ந்தான். பம்பாய் வரைக்கும், முடிந்தால் லீட்ஸ் வரைக்கும், கண்ணை மூடுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தான். பூங்காவனம் எழுந்து ஜமுக்காளத்தை விரித்து, தலையணையைத் தட்டி வைத்தாள்.

"படுங்க. நேத்து 'சனிக்கெழம, டோரதி'ன்னு ஆரம்பிச்சீங்க, அதுக்குள்ள விடிஞ்சுபோச்சு."