முப்பத்து நான்கு பக்கச் சம்மதம்

மனிதகுலம் கண்ட ஆகச் சிறந்த குழு எது என்று கேட்டால், சற்றும் கூசாமல் எங்கள் மருத்துவமனையின் புதுமருந்துச் சோதனைக் குழு என்பேன். நான் அதன் செயலாளர். ஆகவே நடுநிலை தவறாமல் சொல்கிறேன்.

நுரையீரல் திடீரென்று வேலைநிறுத்தம் செய்து, மூச்சுக்குத் திண்டாடுகிறவர்களுக்கான மருந்து அது. ஃபிரிட்ஜில் நாற்பது குப்பிகள் இருந்தன. கேட்டவுடன் ஊசி போட நாங்கள் என்ன காட்டுமிராண்டிகளா? நோயாளி தன் சம்மதப் படிவத்தை, முப்பத்து நான்கு பக்கமும், குழுவின் முன் ‘தெளிவாக, தங்குதடையின்றி’ வாசிக்க வேண்டும் என்று விதி வகுத்தோம்.

நான்காம் படுக்கையில் ஒரு பஸ் டிரைவர். வாயில் குழாய், தலைமாட்டில் மூச்சு இயந்திரம். தையல் வேலை செய்யும் அவர் மனைவி எங்கள் கதவைத் தட்டினார்.

“ஐயா, இந்த மருந்தைப் போட்டுப் பாக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. நான் கையெழுத்துப் போடுறேன்.”

“நீங்க போட்டா எப்படிம்மா? மூச்சு முட்டுறது அவருக்குத்தானே?” என்றார் தலைவர் கனிவோடு. “அவர் வாசிக்கட்டும்.”

“வாயில குழாய் இருக்குய்யா. பேச முடியாது.”

“அதை அவரே வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். உடனே பரிசீலிக்கிறோம்.”

இப்படியொரு பெருந்தன்மையை வேறெங்கும் பார்க்க முடியாது. மூன்று நாள் அந்தம்மா வந்தார். மூன்று நாளும் நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் மறுத்தோம்.

ஐந்தாம் படுக்கையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். எந்த மருந்தும் இல்லாமல் தானாகவே தேறி, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவரை வாசலில் மடக்கினோம். முப்பத்து நான்கு பக்கத்தையும் கணீரென்று வாசித்தார். ஊசி போட்டோம். நடந்தே வீட்டுக்குப் போனார். சோதனையில் சேர்ந்தவர் ஒருவர், பிழைத்தவர் ஒருவர். நூற்றுக்கு நூறு வெற்றி!

மறுநாள் பாராட்டுக் கூட்டம். தலைவருக்குச் சால்வை போர்த்திக்கொண்டிருந்தபோது டிரைவரின் மனைவி உள்ளே வந்தார். டிரைவர் அன்று காலையில்தான் இறந்துபோயிருந்தார்.

“நூத்துக்கு நூறுன்னு வெளியே எழுதி ஒட்டியிருக்கே. என் வீட்டுக்காரரு?”

தலைவர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். “நீங்களே பாருங்கம்மா. அவர் சோதனையில சேரவே இல்லை. அதனால எங்க பதிவேட்டுப்படி அவர் சாகவும் இல்லை.”

அந்தம்மா பதிவேட்டை மூடித் தலைவர் பக்கமே தள்ளினார்.

“அப்ப அவரை என்கூட வீட்டுக்கு அனுப்புங்க.”

குழுவில் நாங்கள் ஒன்பது பேர். ஒருவருக்கும் குழாய் கிடையாது. ஒருவர் வாயிலிருந்தும் தெளிவாக, தங்குதடையின்றி ஒரு வார்த்தை வரவில்லை.