மறைந்த பேராசிரியர் எழுந்து நின்றார்

"பேராசிரியர் ஸ்தாமென் ட்ராகோவ்" என்று வாசித்துவிட்டு நெவேனா நிமிர்ந்தாள். முதல் வரிசையில் பேராசிரியர் ஸ்தாமென் ட்ராகோவ் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, தலையைக் குனிந்து, தனக்குத் தானே மௌன அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தார்.

அரங்கமே எழுந்து நின்றிருந்தது. பல்கலைக்கழக நாளன்று, அந்த ஆண்டு இறந்த பேராசிரியர்களின் பெயர்களை வாசித்து ஒரு நிமிடம் நிற்பது வழக்கம். வாசிப்பது மக்கள் தொடர்பு அலுவலரான நெவேனாவின் வேலை. இதுவரை இறந்தவர் யாரும் நேரில் வந்து கலந்துகொண்டதில்லை.

பக்கத்தில் நின்ற துணைவேந்தர் பெஞ்சேவ் உதட்டை அசைக்காமல் கேட்டார். "அது ட்ராகோவ்தானே?"

"ஆமா சார்."

"செத்துட்டாருன்னு யார் சொன்னது?"

"போன் வந்துச்சு சார். சொந்தக்காரர்னாரு. அடக்கம் முடிஞ்சுதுன்னு சொல்லிட்டு, நான் கேட்ட எதுக்கும் பதில் சொல்லாம வச்சுட்டாரு."

"விசாரிக்க மாட்டியா?"

"யார்கிட்ட சார் விசாரிக்கறது? அந்த வீட்டுல அவர் ஒருத்தர்தானே."

"வாசிச்சது அவருக்குக் கேட்டிருக்குமா?"

"காது மந்தம் சார்."

"அப்போ பிழைச்சோம்."

பிழைக்கவில்லை. மௌனம் முடிந்து எல்லோரும் உட்கார்ந்ததும் ட்ராகோவ் மட்டும் கைத்தடியை ஊன்றி மேடையை நோக்கி வந்தார்.

"ஏம்மா, கடைசியில ட்ராகோவ்னு ஏதோ காதுல விழுந்துச்சே?"

நெவேனாவின் ஒப்பந்தம் ஜனவரியோடு முடிகிறது. துணைவேந்தர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது வேற ட்ராகோவ், ஐயா!" என்று அவர் காதருகே கத்தினாள். "கிளை வளாகத்துல இருந்தவரு! காட்டியல் துறை!"

"அவரும் ஸ்தாமெனா?"

"அவரும் ஸ்தாமென்தான்!"

கிழவரின் கண் கலங்கிவிட்டது. "இத்தனை வருஷமா என் பேரையே வச்சுக்கிட்டு ஒரு மனுஷன் இருந்திருக்காரு. ஒரு காபி வாங்கிக் கொடுத்ததில்லையே நான். அவர் படத்தையாவது பார்க்கணும். சுவர்ல மாட்டியிருப்பீங்களே?"

மாட்டித்தான் இருந்தார்கள்.

நடைவழியில் இருந்தது அந்தச் சுவர். இடப்பக்கம் பல்கலைக்கழகத்தின் பெயர்பெற்ற பழைய மாணவர்கள்: ஐரோப்பிய வெண்கலம் வென்ற பளுதூக்கும் வீரர் ரங்கெல், தலைநகர் சோபியாவின் தொலைக்காட்சியில் வானிலை சொல்லும் பெண், லஞ்ச வழக்கில் சிறைக்குப் போன துணை அமைச்சர். துணை அமைச்சரின் படத்தைக் கழற்றிவிட்டார்கள். அது தொங்கிய இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. வலப்பக்கம் பேராசிரியர்கள். உயிரோடு இருக்கும் ஒருவரை மாட்டினால் உயிரோடு இருக்கும் மற்றவர்கள் சண்டைக்கு வருகிறார்கள் என்பதால், பேராசிரியர்களை இறந்த பிறகுதான் மாட்டுவது என்று முடிவாகியிருந்தது. அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த மாணவர்களைவிட அந்தச் சுவரில் கறுப்பு நாடாவோடு தொங்கியவர்கள் அதிகம்.

நெவேனா முன்னால் ஓடினாள். ட்ராகோவின் படத்தை ஆணியிலிருந்து பிடுங்கினாள். கைத்தடியின் சத்தம் திருப்பத்தில் கேட்டது. பெயர்ப் பலகை சுவரோடு திருகப்பட்டிருந்தது. வெறும் ஆணியை விட்டால் கேள்வி வரும். கைக்கு எட்டிய பளுதூக்கும் வீரரைக் கழற்றி அந்த ஆணியில் மாட்டினாள். கிழவரின் படத்தைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

ட்ராகோவ் வந்து நின்றார். வீரரின் கழுத்தை வெகுநேரம் பார்த்தார்.

"காட்டியல்காரன்னு பார்த்தாலே தெரியுது. மரத்தை வெட்டினானா, பிடுங்கினானா?"

பிறகு படத்தின் கண்ணாடியில் கை வைத்து அழுதார். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் அந்தக் காட்சியைப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் முதல் பக்கத்தில் வந்தது: மறைந்த பேராசிரியருக்கு நண்பரின் கண்ணீர். ரங்கெலின் தாய் கிராமத்தில் அதைப் பார்த்து மயங்கி விழுந்தாள். தெளிந்து எழுந்ததும் வாசற்கதவில் கறுப்புத் துணி கட்டிவிட்டுப் பாதிரியாரைக் கூப்பிட ஆள் அனுப்பினாள். மத்தியானம் ரங்கெலே துணைவேந்தரின் அறைக்கு வந்தார். அவர் போன பிறகு கதவை மூட முடியவில்லை, கீல் வளைந்திருந்தது.

"ஒரு செத்தவனை உயிரோட விட்டே," என்றார் பெஞ்சேவ். "இப்போ உயிரோட இருக்கிறவனைச் சாகடிச்சுட்டே. நாளைக்குள்ள திருத்தம் வரணும்."

நெவேனா பத்திரிகைக்குப் போன் செய்து விஷயத்தை விளக்கினாள். அங்கே எழுதிக்கொண்டவருக்கு எப்படிப் புரிந்ததோ, மறுநாள் திருத்தம் இப்படி வந்தது: "சுவரில் தொங்குபவர் இறக்கவில்லை. அவர் எதிரே நின்று அழுபவரே இறந்தவர்."

அதைக் கிழவர் படித்துவிட்டால்? நெவேனா காலையிலேயே அவருடைய தெருமுனைக் கடைக்கு ஓடி, அங்கிருந்த பத்திரிகை மொத்தத்தையும் வாங்கினாள். கட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பினால் எதிரே ட்ராகோவ், கையில் ரொட்டிப் பையோடு.

"என்னைப் பார்க்கவா வந்தே?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "என்னைப் பார்க்க யாரும் இந்தப் பக்கம் வர்றதில்ல."

"ஆமா ஐயா. உங்களைத்தான்."

"நல்லதாப் போச்சு. நாளைக்கு ஆத்மாக்களோட சனிக்கிழமை, செத்தவங்களைப் போய்ப் பார்க்குற நாள். அந்த ட்ராகோவை எங்க புதைச்சிருக்கு?"

"இங்கதான், நம்ம ஊர்க் கல்லறைத் தோட்டத்துல" என்று வாயில் வந்ததைச் சொன்னாள்.

"அவருக்குப் பெண்டாட்டி பிள்ளைங்க?"

"யாரும் இல்ல, ஐயா. தனியாள்." அப்படிச் சொன்னால் விட்டுவிடுவார் என்று நினைத்தாள்.

"தனியாளா?" கிழவர் ரொட்டிப் பையைக் கீழே வைத்தார். "அப்போ நாம போயே ஆகணும். காரை எடுத்துக்கிட்டு வந்துடு."

சனிக்கிழமை ஊரே கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. டான்யூப் நதியிலிருந்து ஏறிவந்த பனிமூட்டத்துக்குள் மெழுகுவர்த்திகள் எரிந்தன. யார் யாரோ தங்கள் இறந்தவர்கள் பேரில் காகிதக் குவளைகளில் சர்க்கரை தூவிய அவித்த கோதுமையை நீட்டி, "கடவுள் மன்னிக்கட்டும்" என்றார்கள். நெவேனா இறந்தவர்களுக்கு உரிய வழக்கப்படி இரட்டைப்படையில் சாமந்தி வாங்கிக்கொண்டு, யாரும் இல்லாத ஒரு புது மண்மேட்டைத் தேடிப் பிடித்தாள். மரச்சிலுவையிலிருந்த பெயர் மழையில் கரைந்து போயிருந்தது.

"இதுதான், ஐயா!"

ட்ராகோவ் மண்ணில் ஒயினை ஊற்றினார். தொப்பியைக் கழற்றினார்.

"சகாவே," என்று ஆரம்பித்தார். "உன் மாணவங்க பாலம் கட்டினாங்க, அணை கட்டினாங்க, அமைச்சரானாங்க, ஜெயிலுக்கும் போனாங்க. ஒருத்தன்கூட உனக்குப் போன் பண்ணல. சாயங்காலமானா ரேடியோவைச் சத்தமா வச்சுக்குவே. காது கேக்குறதுக்காக இல்ல. பக்கத்து வீட்டுக்காரன் சத்தம் போடவாவது வந்து கதவைத் தட்டட்டும்னுதான்."

நெவேனாவால் தாங்க முடியவில்லை. மேட்டின் ஓரத்தில் மண்டியிட்டு விம்மி விம்மி அழுதாள்.

"யாருடி நீ?"

நிமிர்ந்தாள். கறுப்பு உடையில் ஒரு பருத்த அம்மாள் கோதுமைச் சட்டியோடு நின்றிருந்தாள். பின்னால் தடிதடியாக இரண்டு மகன்கள்.

"என் புருஷன் குழியில உனக்கென்னடி அழுகை?"

"அம்மா, நான் வந்து... பல்கலைக்கழகத்துல..."

"பல்கலைக்கழகமா! இறைச்சிக்கடை வச்சிருந்த மனுஷன் வாரத்துல ரெண்டு நாள் கணக்குப் படிக்கப் போறேன்னு கிளம்பினப்பவே சந்தேகப்பட்டேன். டேய், பார்த்தீங்களாடா, இவதான்டா அந்தக் கணக்கு!"

சட்டியிலிருந்த கோதுமை முழுவதும் நெவேனாவின் தலையில் கொட்டியது. ட்ராகோவ் நடுவில் புகுந்து, அந்த அம்மாளின் கையைப் பிடித்துக் குலுக்கி, "தனியாள்னு சொன்னாங்க, இவ்வளவு பெரிய குடும்பமா! ரொம்பச் சந்தோஷம்" என்றார். இளைய மகன் கையை ஓங்குவதற்குள் நெவேனா கிழவரை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

வாசலுக்கு எதிரே குடல் சூப் கடை. மூலை மேஜையில் உட்கார்ந்தார்கள். நெவேனா தலைமுடியிலிருந்து கோதுமையை எடுத்து எடுத்துத் தட்டில் போட்டாள். பிறகு இனி முடியாது என்று தோன்றிவிட்டது.

"ஐயா, வேற ட்ராகோவ்னு யாருமே இல்ல!" கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "உங்களைத்தான் செத்துட்டதா வாசிச்சேன்! என்னை மன்னிச்சுடுங்க!"

சூப் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கரண்டியை நிறுத்தினார்கள். ட்ராகோவ் மெதுவாகப் பூண்டு வினிகரை எடுத்துச் சூப்பில் ஊற்றிக் கலக்கினார். அவள் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"விடும்மா. இந்த வயசுல கொஞ்சம் முன்னே பின்னே ஆகத்தான் செய்யும். நீ சூப்பைக் குடி, ஆறிடப் போகுது."

அவ்வளவுதான். கோபம் இல்லை. புகார் இல்லை. தான் பாடம் நடத்திய அணைக்கட்டு மண்ணைப் பற்றியும், செத்துப்போன மனைவி செய்துவந்த முட்டைக்கோஸ் ஊறுகாயைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தார். இரண்டாவது கிண்ணம் வாங்கினார். நெவேனாவின் நெஞ்சிலிருந்து பெரிய கல் இறங்கியது போலிருந்தது.

"இனிமே வாராவாரம் சனிக்கிழமை வர்றேன் ஐயா. ரெண்டு பேரும் இங்கயே வந்து சாப்பிடலாம்."

"வருவியா?"

"சத்தியமா."

கிழவர் தலையசைத்துவிட்டு, கைத்தடியை ஊன்றிக் கைகழுவும் இடத்துக்குப் போனார். பரிமாறுகிற கெர்கானா வந்து கிண்ணங்களை அடுக்கினாள்.

"நீங்க எந்த ஆபீசுங்க?"

"பல்கலைக்கழகம். ஏன்?"

கெர்கானா மேஜையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இல்ல, போன மாசம் இவர் செஸ் கிளப்புல செத்திருந்தாரு, அந்தச் செயலாளரும் இதே மேஜையில உக்காந்து அழுது, வாராவாரம் வர்றேன்னு சத்தியம் பண்ணிட்டுத்தான் போனாரு."